உலகம்மாளின் இடர் எண்

ஒரு பிள்ளை இரவு முழுக்கப் பயமில்லாமல் தூங்குவதற்குச் செங்கரை மாநகராட்சி வைத்திருந்த விலை நானூற்றுப் பத்து ரூபாய். வரி தனி. எங்கள் கடைத்தெரு வியாபாரி ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பேசவிட்டிருந்தால் முந்நூற்று எழுபதுக்கு முடித்து, மேலே இரண்டு போர்வையும் இனாமாக வாங்கியிருப்பார். ஆனால் மாநகராட்சி பேரம் பேசாது. டெண்டர் விடும்.

அந்த டெண்டரில் வந்து இறங்கியதுதான் ‘துணை’. அடிபட்ட பிள்ளை, ஓடிவந்த பிள்ளை, கேட்க ஆளில்லாத பிள்ளை எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு பட்டை. அது நாடி பார்க்கும், தூக்கம் பார்க்கும், சுற்றிலும் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும். கேட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் போடும். இடர் எண். எண் பெரிதாக இருந்தால் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று மாநகராட்சி ஓடிவரும். தங்க ஒரு வீடு, மனநல ஆலோசகர், பள்ளிக்கூட வேன், காலையில் பால். எண் இறங்கினால் பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம்.

முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்கு உதவி கிடைக்க ஏழு மேசை ஏறி இறங்க வேண்டும். கவுன்சிலரின் மச்சானைத் தெரிந்திருக்க வேண்டும். துணைக்கு மச்சான் கிடையாது. அந்த மட்டுக்கு அது நல்ல இயந்திரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு அதைத் திட்டும்போது நியாயமாக இருக்கும்.

உலகம்மாள் பதினாலு வயதில் தொண்ணூற்றொன்றோடு வந்தாள். அப்பாவும் அம்மாவும் போனபின் சித்தப்பா அவளை ஒரு அறையில் விட்டு, வெளியே பூட்டி, ஊதுபத்தி உருட்ட வைத்திருந்தான். பள்ளிக்கூடம் போகணும் என்று கேட்ட அன்று இடது கையை முறித்தான். மாநகராட்சி அவளைக் கொண்டுவந்து விட்ட இடம் மாரிக்கனியின் வீடு.

மாரிக்கனிக்கு ஐம்பத்துமூன்று வயது. புருஷன் போய்ப் பல வருஷம். மிளகாய் வத்தல் மண்டி அவள் பேரில் நடக்கிறது. மண்டிக்குப் பின்னால் மூன்று அறை வீடு, பக்கத்தில் சொந்தமாக ஒரு மிளகாய் அரைக்கிற மில். பிள்ளை எடுத்து வளர்க்க ஏன் பேர் கொடுத்தாய் என்று கேட்டவர்களிடம், “இடம் சும்மா கிடந்தா எனக்குத் தூக்கம் வராது” என்றாள். வேறு காரணம் இருந்தால் அதை அவள் யாருக்கும் காட்டியதில்லை. கொள்முதல் விலையைக் காட்டாத மாதிரிதான்.

முதல் மாதங்களில் உலகு உட்கார்ந்தபடிதான் தூங்கினாள், முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு. மாரிக்கனி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சோறு போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண்டியில் ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்தாள். ஒருநாள் ஒரு சம்சாரி தன் காட்டில் விளைந்ததென்று கொண்டுவந்த வத்தலுக்கு மாரிக்கனி விலை சொல்ல வாயெடுக்கும்போது, சாக்கின் மேலிருந்து சின்னக் குரல் வந்தது: “காம்பு ஈரமா இருக்கு.” கை விட்டுப் பார்த்தால் ஈரம்தான். அன்று ராத்திரி உலகு முதல்முறையாகப் படுத்துத் தூங்கினாள்.

எழுபத்தெட்டு. அறுபது. நாற்பத்துநாலு.

அந்த நாற்பத்துநாலைத் தூக்கிக்கொண்டுதான் ஒரு நாள் நசீமா வந்தாள். அந்த வட்டாரத்தின் குழந்தைகள் ஆதரவு அலுவலர். வயது முப்பதுக்குள்.

“உக்காருங்க அக்கா.”

“என் கடையில என்னையே உக்காரச் சொல்றேன்னா, நீ நல்ல சேதி கொண்டு வரல.”

“உலகு நாப்பத்துநாலுக்கு வந்துட்டா.”

“தெரியும். பட்டையிலதான் மின்னுதே. முந்தாநாள் பாட்டெல்லாம் பாடுனா. குரல் கேவலம். ஆனா பாடுனா.”

“நாப்பதைத் தொட்டா துணை அவ கணக்கை மூடிரும்.”

“மூடட்டும். உங்க பாலும் வேணாம், வேனும் வேணாம். நான் பாத்துக்கிறேன்.”

“அதுக்கு விதி இல்லக்கா. தேறின பிள்ளை ரத்த சொந்தத்துக்கிட்டத் திரும்பிப் போகணும். அவளுக்குன்னு இருக்கிறது அந்தச் சித்தப்பா ஒருத்தர்தான்.”

“அவன் ஜெயில்ல இருந்தானே?”

“ஆறு மாசத்துல வந்துட்டாரு. வந்ததும் மாநகராட்சி நடத்துற குழந்தை வளர்ப்புப் பயிற்சியில சேந்து முடிச்சுட்டாரு. பன்னெண்டு வகுப்பு, முழு மார்க்கு. துணை கணக்குல அவர் வீடு இப்போ பச்சை.”

மாரிக்கனி கையிலிருந்த வத்தலின் காம்பை மெதுவாகக் கிள்ளினாள். “முழு மார்க்கு. கையை முறிக்கிறது பரீட்சைக்கு வரல போல.”

“அக்கா…”

“நீ ஆபீசர்தானே? அனுப்ப முடியாதுன்னு ஒரு கையெழுத்துப் போடு.”

“போடலாம். துணை சொல்றதுக்கு மாத்திப் போட்டா என் பேர்ல ஒரு பிழைன்னு ஏறும். வருஷத்துக்கு மூணுதான். ரெண்டு போட்டுட்டேன். மூணாவதை ஒரு கைக்குழந்தைக்கு வச்சிருக்கேன். அதுக்கு மேல போனா என்னைத் தூக்கிட்டு, என்கிட்ட இருக்கிற முந்நூறு பிள்ளையையும் புது ஆள்கிட்டக் கொடுத்துருவாங்க.”

“நானே தத்து எடுத்துக்கிறேன்.”

“ஒத்தப் பொம்பளை, அம்பது தாண்டியாச்சு, வீட்டுல மிளகாய் நெடி. மூணுக்கும் மார்க்கைக் குறைச்சிரும். நான் போட்டுப் பாத்துட்டேன்.”

“மேல எழுத வேண்டியதுதானே, இந்த விதி கூறு கெட்ட விதின்னு?”

“எழுதினேன். சேவை மேம்பாட்டுக் குழுன்னு ஒண்ணு போட்டாங்க. பிள்ளைங்ககிட்டயே நேர்ல கருத்துக் கேட்டாங்க. ஆறு மாசம் உக்காந்து பேசினாங்க.”

“என்ன மாறுச்சு?”

“பட்டை சாம்பல் நிறமா இருந்துச்சுல்ல? இனிமே ஊதா.”

மாரிக்கனி விரல் விட்டு எண்ணினாள்.

“பதினெட்டு ஆயிட்டா?”

“அப்புறம் அவ இஷ்டம். யாரும் எங்கயும் அனுப்ப முடியாது.”

“அப்போ இன்னும் மூணு வருஷம் நாப்பதுக்கு மேல நிக்கணும்.”

“எழுபதையும் தாண்டக் கூடாது. தாண்டினா இந்த வீடு பிள்ளைக்கு ஆகலைன்னு வேற வீட்டுக்கு மாத்திரும்.”

“நாப்பதுக்கு மேல, எழுபதுக்குக் கீழ.” மாரிக்கனி கிள்ளிய காம்பைக் கீழே போட்டாள். “விலையை ஏறவும் விடாம இறங்கவும் விடாம பிடிச்சு வைக்கிறதுதானே மேடம் என் பொழப்பே.”

அவள் ‘மேடம்’ என்று சொன்னால் பேரம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் உலகுவை மில்லுக்குள் அழைத்துப்போய் மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். பட்டைக்கு இரைச்சல் தவிர எதுவும் கிடைக்காது. சித்தப்பா, நாற்பது, எழுபது எல்லாவற்றையும் சொன்னாள். உலகுவின் முகம் சித்தப்பா என்ற சொல்லிலேயே வெளுத்துவிட்டது.

“நான் போக மாட்டேன் அத்தை.”

“போகச் சொல்லல. கேளு. ஒரு சாக்கு மனசுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, வாங்குறவன் என்ன சொல்வான்?”

“சண்டுன்னு சொல்வான்.” நிறம் செத்த வத்தலுக்கு மண்டியில் அந்தப் பேர்.

“விக்க வந்தவன்?”

“தங்கம்னு சொல்வான்.”

“நாளையிலருந்து நீ சண்டு. அந்தப் பட்டை கேக்க நான் திட்டிக்கிட்டே இருப்பேன். திட்டத் திட்ட, உன்னை நான் விடப் போறதில்லன்னு நீ நினைச்சுக்கணும். மண்டைல ஏறுச்சா?”

உலகுவுக்குச் சிரிப்பு வந்தது. மாரிக்கனி அவள் வாயைப் பொத்தினாள். “சிரிச்சுத் தொலைக்காதடி, எண்ணு இறங்கிரும்.”

மாரிக்கனி திட்டுவதில் கைதேர்ந்தவள். முப்பது வருஷமாக அடுத்தவன் சரக்கைத் திட்டியே வயிறு வளர்த்தவள். “இவளுக்குப் போடுற சோத்தைக் காக்காய்க்குப் போட்டா கரையவாச்சும் செய்யும்.” “கண்ணு ரெண்டு இருக்கு, எதுக்குன்னுதான் தெரியல.” “இவ தலையெழுத்து என் தலையில வந்து விடிஞ்சிருக்கு பாரு.” தினம் ஒன்றாவது புதிதாக இருக்கும், பழசைத் திரும்பச் சொல்வது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். உலகுவும் தன் பங்கைச் செய்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள். திரையில் வருகிற மனநல ஆலோசகரிடம் பதில் சொல்லாமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், நல்ல பையன். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னான்.

நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து.

பள்ளிக்கூடத்தில் கைப்பந்து அணிக்கு அவளை எடுத்தார்கள். ஒருநாள் ஆடிவிட்டு வந்ததில் மூன்று புள்ளி இறங்கியது. மறுநாள் பேரை வாபஸ் வாங்கிக்கொண்டாள். கணக்குப் பரீட்சையில் சரியாக எழுதிய இரண்டு விடையை அடித்துவிட்டு வந்தாள். முதல் மார்க்கு வாங்கினால் வகுப்பே கைதட்டும், கைதட்டினால் நெஞ்சு நிறையும், நெஞ்சு நிறைந்தால் பட்டைக்குத் தெரிந்துவிடும். பாட்டு தானாக நின்றுபோனது. மாரிக்கனி இதையெல்லாம் பார்த்தாள். வியாபாரத்தில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

நசீமா வரும்போதெல்லாம் மில்லைப் போட்டுவிட்டுத்தான் பேசினார்கள்.

“நீங்க மட்டும் இல்லக்கா,” என்று கத்தினாள் நசீமா. “மூணாவது தெருவுல ஒரு தாத்தா, பேரன் எண்ணு இறங்குதுன்னு தினமும் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துறாரு. குளத்தங்கரையில ஒரு அண்ணன் தங்கச்சியை வேணும்னே பரீட்சையில ஃபெயிலாக்கி வச்சிருக்கான்.”

“மாநகராட்சிக்குத் தெரியாதா?”

“மாநகராட்சிக்கு விருது கொடுத்திருக்காங்க. நாட்டுலயே அதிகமான பிள்ளைங்களுக்கு விடாம ஆதரவு கொடுக்கிற ஊராம்.”

மாசி மாதம் வரத்து ஏறியது. லாரி லாரியாக வத்தல். மாரிக்கனி விடியுமுன் மண்டிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. திட்டுவதற்கு நேரமும் இல்லை, தொண்டையும் இல்லை. அந்த மாதக் கடைசியில் நசீமா வந்து மில்லைப் போடச் சொன்னாள்.

“அறுபத்தொண்ணு அக்கா! எழுபது பக்கம் போகுது. இந்த மாசம் ரொம்பப் பிரமாதமா நடிச்சுட்டீங்க. கொஞ்சம் குறைங்க.”

“யாரு நடிச்சா?”

“நீங்கதான்.”

“நான் ஒரு மாசமா அவளை ஒரு வார்த்தை சொல்லல நசீமா. ஏறிட்டுப் பாக்கவே நேரமில்ல.”

இரண்டு பேரும் வாசல் வழியே பார்த்தார்கள். மண்டியில் உலகு வத்தல் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மூடை இறக்கிய லாரி டிரைவர் ஒருவர், “பாப்பா செம கெட்டிக்காரியா இருக்கே!” என்றார். உலகு நிமிரவில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

நசீமா போனபிறகும் மாரிக்கனி மில்லை நிறுத்தவில்லை. உலகுவைக் கூப்பிட்டாள். முப்பது வருஷத்தில் அவள் வாயால் ஒரு சரக்கையும் புகழ்ந்தது கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

“நீ நல்ல பொண்ணுடி!” என்று கத்தினாள். “உன்ன மாதிரி பிள்ளை ஊர்ல கிடையாது! தங்கம்!”

உலகு ஒரு அடி பின்னால் போனாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. மாரிக்கனி காதைக் கொண்டுபோனாள்.

“யார்கிட்ட என்னைத் தள்ளிவிடப் போறீங்க?”

“என்னது?”

“தங்கம்னு சொல்றவன் விக்க வந்தவன்தானே. சித்தப்பா வந்துட்டாரா அத்தை?”

மாரிக்கனி அப்படியே காலிச் சாக்குகள் மேல் உட்கார்ந்தாள்.

“அடி கிறுக்கி, திட்டுறது நடிப்புன்னு இதே இடத்துலதானே சொன்னேன்? நீயும் சரின்னுதானே சொன்ன?”

“சொன்னீங்க. பாதி நடிப்புன்னு எனக்கும் தெரியும்.” உலகு அவள் காதருகே குனிந்தாள். “எந்தப் பாதின்னுதான் தெரியல.”

பட்டையில் அறுபத்திரண்டு மின்னியது.

இந்த இடத்தில் படித்தவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். மாரிக்கனிக்கு அழுகை வந்தால்கூட அதற்கு என்ன செலவாகும் என்று யோசிக்கிற புத்தி. கொஞ்சநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“நாம அனுப்புன சரக்குல கோளாறுன்னா என்ன பண்ணுவோம்?”

“திருப்பி எடுத்துக்குவோம்.”

“நானும் எடுத்துக்கிறேன். ஒவ்வொண்ணா. நான் சொன்னதுல ஒண்ணைச் சொல்லு.”

உலகு யோசிக்கவே இல்லை. “எனக்குப் போடுற சோத்தைக் காக்காய்க்குப் போடலாம்னு சொன்னீங்க.”

“அன்னிக்கு நீ பாதியில எந்திரிச்சுப் போனேல்ல, நானும் சாப்பிடல. என் தட்டையும் பின்னால கொண்டுபோய்க் கொட்டிட்டேன். முனியாண்டி பாத்தான், வேணும்னா கேட்டுக்கோ.” முனியாண்டி என்பது மில்லில் அரைக்கிற ஆள்.

உலகு வெளியே போனாள். விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தாள். எதிரே ஒரு சாக்கில் உட்கார்ந்தாள்.

“சரி. இது ஒண்ணு. ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு கட்டாது அத்தை.”

“ஏன் கட்டாது?”

“ஒரு வருஷம் உள்ளயே கிடந்திருக்கு. சேதாரம் இருக்குல்ல. ஒரு திட்டுக்கு மூணு நல்ல வார்த்தை.”

மாரிக்கனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “மூணா? கொள்ளையடிக்கிறியா? ஒண்ணரை.”

“மூணு.”

“ரெண்டு. அதுக்கு மேல ஒரு சொல்லு கிடையாது.”

“அப்போ திட்டையே வச்சுக்கிறேன், பரவாயில்ல,” என்று உலகு எழுந்தாள்.

“உக்காருடி! ரெண்டரை.”

உலகு உட்கார்ந்தாள். “சும்மா தங்கம், வைரம்னு சொன்னா எடுத்துக்க மாட்டேன். என்னைக்கு, எதைப் பாத்துச் சொல்றீங்கன்னு இருக்கணும். எத்தனை திட்டுன்னு நான் சொல்றதுதான் கணக்கு.”

“எத்தனை?”

“முந்நூறு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன். மிச்சத்தை உங்களுக்காக விட்டுர்றேன்.”

அன்றிலிருந்து சாயங்காலம் கொஞ்சநேரம் மில் வெறுமனே ஓடியது. அரைக்க ஒன்றுமில்லாமல் எதற்கு மோட்டார் ஓடுகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். பழகிக்கிட்டு இருக்கு என்றாள் மாரிக்கனி. உள்ளே ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஈரக் காம்பு அன்றைக்கு நீ சொன்னதால் கை நஷ்டம் தப்பியது. கைப்பந்து ஆடிவிட்டு வந்த அன்று உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உன் பாட்டு நின்ற பிறகு வீடு ஒரு மாதிரியாக இருக்கிறது. குரல் கேவலம்தான், அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன். கடைசியில் சொன்னதைச் சேர்ப்பதா கழிப்பதா என்று இரண்டு பேரும் மோட்டார் சத்தத்துக்கு மேலே சண்டை போட்டார்கள். சேர்த்துக்கொண்டாள் உலகு.

ஐம்பத்தாறு. ஐம்பது. நாற்பத்தாறு. வார்த்தை கேட்காவிட்டாலும் நாடி பொய் சொல்லவில்லை; பட்டைக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. பன்னிரண்டாவது வார்த்தையைக் கேட்டுவிட்டு உலகு தன்னை மறந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பாட்டுத்தான். மாரிக்கனி அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

உலகு சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். ஊதாப் பட்டையில் நாற்பத்தொன்று.

“போதும் அத்தை. இன்னும் ஒண்ணு சொன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

மாரிக்கனி அந்தச் சின்னக் கைக்குள்ளேயே மூச்சு வாங்கினாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். அது பெரிய வார்த்தை. எடுத்துவர ஒரு வாரம் ஆகியிருந்தது.

“எவ்வளவு நிக்குது?” என்றாள், கையை விலக்கிவிட்டு.

“முந்நூறு திட்டு. ஒண்ணுக்கு ரெண்டரை. மொத்தம் எழுநூத்தி அம்பது. வந்தது பன்னெண்டு. பாக்கி எழுநூத்தி முப்பத்தெட்டு.”

“எப்போ தரணும்?”

“எனக்குப் பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கு. அதுக்கு முன்னால ஒண்ணு தந்தாலும் வாங்க மாட்டேன்.”

மாரிக்கனி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். சுவிட்சை அணைத்தாள். மோட்டார் இழுத்து இழுத்து நின்றது. தெரு, லாரி, காக்காய் எல்லாம் மறுபடி கேட்கத் தொடங்கின. பட்டைக்கும் கேட்கத் தொடங்கியிருக்கும்.

“மரம் மாதிரி என்னடி நிக்கிற, சண்டு!” என்றாள் மாரிக்கனி உரக்க. “சாக்கைத் தூக்கு!”

உலகு குனிந்து சாக்கைத் தூக்கினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

“எழுநூத்தி நாப்பதரை,” என்றாள்.